சொன்னவர் பெயர்

நான் தாம்பரம் – கடற்கரை ரயிலில் பொருள் விற்கிறவன். சார்ஜர் ஒயர், ஐடி கார்டு கவர், ஊக்கு, சீப்பு. கண் தெரியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போனது. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. இதைப் போனில் பேசித்தான் எழுதுகிறேன். நான் பேசுவதை அது எழுதும். எழுதியதைப் படித்துக் காட்டும். தப்பாக இருந்தால் மறுபடி பேசுவேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் இல்லாத வேலை. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்களைப் போன்றவர்களின் போன் பேசும். விரலை வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். யார் கூப்பிடுகிறார்கள், மணி என்ன, யார் என்ன எழுதி அனுப்பினார்கள், எல்லாம் காதில் வரும். அந்தத் தமிழ்க் குரல் ஒரு மென்பொருள். அதை விற்பதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்பதும் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. தெரிந்தவர்கள் சரிசெய்யலாம்.

அப்படிச் செய்கிறவர்களில் ஒரு தம்பி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ரயிலில்தான் பழக்கம். என் போன் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, இந்த வாய்ஸ் நல்லா இருக்கா?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"நாங்கதாண்ணா செய்யறோம்."

"அப்டியா. கூட்டத்துல வேகமா வச்சா கடைசிச் சொல்லை முழுங்குது."

அவன் சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. எவ்வளவு வேகத்தில் வைத்தால் முழுங்குகிறது, எந்தப் போன், எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டே வந்தான். குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவன் மீனம்பாக்கம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனான். அதனால்தான் நானும் அவன் கேட்டதைச் செய்ய ஒத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். குரலின் புதுப் பதிப்பு வெளியே போவதற்கு முன்னால் எங்களுக்கு வரும். நாங்கள் அதைப் போனில் போட்டுக்கொண்டு எங்கள் பிழைப்பைப் பார்ப்போம். எங்கே உடைகிறதோ அதைச் சொல்வோம். அவன் சரிசெய்வான். பிறகு அது ஊருக்குப் போகும்.

கேட்க எளிதாக இருக்கும். குரல் நின்றுபோன போன் எங்கள் கையில் வெறும் கண்ணாடித் துண்டு. அது எங்கே நிற்கும் என்று தெரியாது. ரோட்டைத் தாண்டும்போது நிற்கும். படிக்கட்டு இறங்கும்போது நிற்கும். அப்போது பக்கத்தில் போகிறவர் யாரையாவது நிறுத்தி, போனை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும். என் பெண்சாதிக்கு ஓரளவு பார்வை உண்டு. அவள் சொல்வாள், "அந்தப் போனு சாவுறப்பல்லாம் நீயும் சேந்து நட்டுகினு நிக்கற. நல்லா இருக்கறதை வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?"

"யாராச்சும் பாக்கணுமே."

"அந்த யாராச்சும் நீதானா?"

நான் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன்.

குழுவில் கொஞ்சம் பேர் இருந்தோம். பெருங்களத்தூரில் வீடு வீடாகப் பினாயில் விற்கும் அண்ணன் ஒருவர். பல்லாவரத்துப் பெண் ஒருத்தி. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். எங்களில் யாருக்கும் விரலால் எழுதுவது வேகமாக வராது. அதனால் எல்லாம் பேச்சுத்தான். தவறு கண்ட இடத்திலிருந்தே போனில் பேசிப் பதிந்து குழுவில் போடுவோம். தம்பி வேலை முடிந்து வந்து கேட்பான். கேட்டதை இங்கிலீஷில் மாற்றி, மென்பொருள் செய்கிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் எழுதுவான். பிறகு எங்கள் பேச்சை நாங்கள் அழித்துவிடுவோம். எங்கள் போன்களில் இடம் குறைவு. நிறைந்துவிட்டால் குரல் திக்கும். அழிப்பது குழுவின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

பல்லாவரத்துப் பெண் பேசிப் போடுவது தனி மாதிரி. நான் போட்டால், "தம்பி, பூட்ச்சு, பாரு" என்று முடிந்துவிடும். பினாயில் அண்ணன் போட்டால் அன்றைக்கு எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தியது என்பதிலிருந்து வரும். அவள் மூன்று விஷயம் சொல்வாள். நான் இதைச் செய்தேன். இப்படி நடக்க வேண்டும். ஆனால் இப்படி நடந்தது. அவ்வளவுதான். ஒருமுறை சொன்னதை மறுநாளும் செய்து பார்த்து, மறுபடி நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ சொல்வாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் குணம் அது.

எங்களுக்கு மரியாதை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் விழா வைத்தார்கள். மென்பொருள் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எங்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். மைக்கில் பேசியவர் எங்களைப் பயனாளிகள் என்றார். நம் பயனாளிகளின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி என்றார். பினாயில் அண்ணன் என் காதில் சொன்னார்.

"நம்ம மூஞ்சி எப்டி கீதுன்னு அவருக்குத் தெரியுதாம்."

"கம்முனு இரு."

"பயனாளின்னா இன்னா, இலவசமா வாங்குறவனா?"

"அப்டித்தான்."

"அப்ப நாம குடுத்தது?"

சாப்பாடு நன்றாக இருந்தது. பொன்னாடையை என் பெண்சாதி தையல் மிஷினுக்கு உறை போட்டாள். அத்தோடு மறந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

பல்லாவரத்துப் பெண் மட்டும் திரும்பி வரும்போது கேடயத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அத்தா, அப்பாதான், தோல் கம்பெனியில் வேலை செய்தவர். இப்போது உயிரோடு இல்லை. அம்மாவோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ப்ளஸ் டூ முடித்தவள். அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கைக்குச் சோறு போடுகிறார், துணி எடுத்துத் தருகிறார். வெளியே தனியாக எதற்குப் போக வேண்டும் என்பார். அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள். "அண்ணி காபி வைக்கிறப்ப டம்ளர் தரையில படுற சத்தம் இருக்கில்ல, அண்ணா. அது நாளுக்கு நாள் மாறுது. எனக்கு அது கேக்குது."

போன வருடம் ஒரு மதியம். நான் கிண்டியில் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு வேலை வந்திருக்கு."

"எங்க?"

"சோழிங்கநல்லூர் பக்கம். கண்ணு தெரியாதவங்க யூஸ் பண்ண முடியுதான்னு ஆப் எல்லாம் டெஸ்ட் பண்ற கம்பெனி. போன்ல பேசினாங்க. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன்."

"இருக்கே."

"எங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். நல்லதாப் போச்சு, அது ஓப்பனாதானே இருக்கும், உங்க பேர் இருக்கிற பக்கத்தை அனுப்புங்கன்னாங்க."

"அனுப்பு."

"அண்ணா, அங்க என் பேரே இல்ல."

வண்டி வந்துவிட்டது. நான் ஏறவில்லை.

அவள் அந்த இணையப் பக்கத்தை முழுக்கக் கேட்டிருக்கிறாள். நாங்கள் சொன்ன தவறு எல்லாம் அங்கே இருக்கிறது. எல்லாவற்றின் தலையிலும் தம்பியின் பெயர். எழுதிப் போட்டவன் அவன், அதனால் அவன் பெயர். உழைத்தவர்கள் பட்டியல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதில் எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் பெயர். எங்கள் பெயர் இல்லை. கடைசியில், சோதித்துப் பார்த்த அன்பர்களுக்கும் நன்றி என்று ஒரு வரி.

"அடுத்த திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள அனுப்பணும். இல்லன்னா ஃப்ரெஷ்ஷர்தான், ஃப்ரெஷ்ஷர்னா டிகிரி வேணும்ங்கறாங்க."

டிகிரி அவளிடம் இல்லை.

"உன் பேச்சு எதுனா போன்ல கீதா?"

"அழிச்சிட்டேனே. எல்லாரும்தான் அழிச்சோம்."

"கேடயம் கீதே."

"அண்ணா." குரலில் கோபம் வந்துவிட்டது. "கேடயத்துல இன்னா எழுதியிருக்கு தெரியுமா? அம்மாவைப் படிக்கச் சொன்னேன். அன்புடன்னு எழுதியிருக்கு. அவ்ளோதான். யாருக்குன்னு கூட இல்ல."

அன்று சாயங்காலம் தம்பி வரும் வண்டிக்காகத் தாம்பரத்தில் காத்திருந்தேன். அவன் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். ஷிப்ட் முடித்து வந்தவன். பையை மாற்றி மாற்றித் தோளில் போடும் சத்தம் கேட்டது.

"தப்புதாண்ணா. வந்ததும் படுக்கறதுக்கு முன்னாடி எழுதிப் போட்டுடணும்னு அவசரத்துல என் அக்கவுண்ட்லயே போட்டுட்டேன். யார் சொன்னதுன்னு எழுதணும்னு தோணவே இல்ல."

"பட்டியல்ல சேக்க முடியாதா?"

"அந்த லிஸ்ட் தானா வர்றது. யார் ப்ரோகிராம் கோடு மாத்தறாங்களோ அவங்க பேரை மிஷினே எடுத்துக்கும். கோடு எழுதலன்னா அதுக்குக் கண்ணு தெரியாது." சொல்லிவிட்டு நிறுத்தினான். "சாரிண்ணா."

"பரவால்ல. மிஷினுதானே."

மற்றவர்களிடம் கேட்கிறேன் என்றான். கேட்டிருக்கிறான். பெரிய பொறுப்பில் இருக்கிறவர்கள் நல்லவிதமாகத்தான் பதில் எழுதினார்களாம். சோதிக்கிறவர்கள் இல்லாமல் நாம் இல்லை என்றார்களாம். அடுத்த பதிப்பிலிருந்து பார்க்கலாம் என்றார்களாம். அவளுக்கு அடுத்த பதிப்பு உதவாது.

கடைசியில் தம்பியே ஒரு வழி சொன்னான். சரிசெய்து மூடிய தவறுகளையும் திறந்து கீழே எழுதலாம். ஒவ்வொன்றின் கீழும் இதைச் சொன்னவர் இன்னார் என்று அவனே எழுதிவிடலாம். பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் கொடுக்கலாம். அவன் எழுதினால் அது ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

"ஆனா எது யாருதுன்னு எனக்கு ஞாபகம் இல்லண்ணா. கூசாம சொல்றேன். உங்க எல்லார் குரலும் எனக்கு ஒண்ணாக் கலந்து போச்சு."

"எங்களுக்கு கீது. நீ படி, நாங்க சொல்றோம்."

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் கூடினோம். ஞாயிறு வண்டி குறைவு. பிளாட்பாரக் கடைசியில் பெஞ்சு காலியாக இருக்கும். பல்லாவரத்துப் பெண் வந்தாள். பினாயில் அண்ணன் வந்தார். வரும்போதே அவர் வாசம் முன்னால் வந்துவிடும். தம்பி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னான்.

"இயர்ஃபோன் கழண்டா, நிக்காம ஸ்பீக்கர்ல சத்தமாப் படிக்குது."

"அது நான்தான்" என்றார் பினாயில் அண்ணன்.

"அண்ணா, உங்க கிட்ட இயர்ஃபோனே கிடையாது" என்றாள் அவள். "அது என்னுது. பல்லாவரம் சந்தையில. வெள்ளிக்கிழமை. கூட்டத்துல யாரோ இடிச்சு ஒயர் புடுங்கிக்கிச்சு. எங்க பெரியம்மா பொண்ணு அனுப்பின மெசேஜை அப்பதான் படிச்சிட்டு இருந்துச்சு. அவளுக்குப் பாத்த மாப்பிள்ளையோட தொப்பையைப் பத்தி."

"சந்தைக்கே கேட்டுச்சா?"

"வெங்காயக்காரம்மா, அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க."

தம்பி சிரித்துக்கொண்டே எழுதினான். தட்டும் சத்தம் நிற்கும் வரை காத்திருந்தோம்.

இப்படியே போனது. போன் பூட்டைத் திறக்க அழுத்தும் எண்ணை வெளியே சொல்லிவிடுவது. அது பினாயில் அண்ணனுடையது. ஒரு வீட்டு வாசலில் நடந்தது. அந்த வீட்டுக் குழந்தை இன்றைக்கும் அவரைப் பார்த்தால் அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடுமாம். சார்ஜ் தீரப்போவதைச் சொல்லாமல் செத்துப்போவது. அது என்னுடையது, திருநீர்மலைக்குப் போன இடத்தில். மலை இறங்கி வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், பெண்சாதி கூட்டத்தில் எங்கேயோ இருந்தாள். கூப்பிட வழியில்லை. அவள் வந்து சேரும் வரை அப்படியே நின்றேன். வந்ததும் அவள் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

யாருக்கும் தேதி ஞாபகம் இல்லை. எந்தப் பதிப்பு என்று ஞாபகம் இல்லை. எங்கே நின்றோம் என்பது மட்டும் எல்லாருக்கும் இருந்தது. தம்பி படிக்கிற தவறு ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு இடம். அவன் ஒருமுறை படிப்பதை நிறுத்திவிட்டான்.

"இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்லண்ணா. நான் எழுதறப்ப ரெண்டு வரிதான். படிச்சு, சரிபண்ணி, மூடிட்டு போயிட்டே இருந்தேன்."

"நீயும் இன்னா பண்ணுவ. உனக்கும் யாரும் சம்பளம் குடுக்கல."

"எனக்காவது பேர் இருக்கு" என்றான்.

பெரிய தவறு ஒன்று இருந்தது. போனில் பேசி வைத்ததும் குரல் திரும்ப வராமல் போவது. எல்லாப் போனிலும் இருந்தது. வெளி ஆட்கள் நிறையப் பேர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். அதைச் சரிசெய்ததுதான் இந்த மென்பொருளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது என்றான் தம்பி.

"இது நீங்கதானே அக்கா?"

அது நான் சொன்னது. சைதாப்பேட்டையில், பெண்சாதி பேசி வைத்ததும் நின்றது. ஆனால் அடுத்த நாள் கம்பெனியில் போய் நிற்கப்போகிறவள் பல்லாவரத்துப் பெண். எனக்கு அந்தப் பெயரை வைத்து என்ன ஆகப்போகிறது? ஊக்கு விற்கவா? அவள் பெயரில் போகட்டும் என்று இருந்தேன்.

"இல்ல" என்றாள். "அது அண்ணாவோடது."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. நீயா இருக்கும்."

"பொய் சொல்லாதீங்க. சைதாப்பேட்டையில நின்னீங்க. நீங்க போட்டப்புறம்தான் நான் வீட்ல செஞ்சு பாத்தேன். எனக்கும் நிக்குதுன்னு சொன்னேன். ஆமாம்னு சொன்னதுதான் நான்."

"போடட்டும் விடு."

"எதுக்கு? நாளைக்கு அவங்க அதைத்தான் கேப்பாங்க. எப்ப, எங்க, எப்படின்னு. உங்க சைதாப்பேட்டையை நான் எங்க போய்த் தேடுறது?"

பினாயில் அண்ணன் சிரித்தார்.

தம்பி யோசித்துவிட்டுச் சொன்னான். "ஆமாம்னு சொல்றதும் வேலைதாங்க்கா. ஒருத்தர் சொன்னா அவர் போன் கோளாறோன்னு விட்டுருவேன். இன்னொருத்தர் செஞ்சு பாத்து ஆமாம்னு சொன்னாதான் கை வைப்பேன். ரெண்டு பேரும் வேணும்." அதனால் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினான். சொன்னவர். ஆமாம் என்றவர்.

"அப்ப என் ஆமாம் எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடு" என்றார் பினாயில் அண்ணன். "நான் எல்லாத்துக்குமே ஆமாம் சொல்லிக்கீறேன்."

"செஞ்சு பாத்துட்டா சொன்னீங்க?"

"தம்பி மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன்."

"அது கணக்குல வராது."

"பேஜாரு புடிச்ச கணக்கு."

முடியும்போது வெயில் இறங்கிவிட்டது. எனக்கு முதுகு வலித்தது. தம்பிக்குக் குரல் கம்மிவிட்டது. அவள் பெயர் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் 'சொன்னவர்' வரியில் வந்தது. மற்ற எல்லா இடத்திலும் 'ஆமாம் என்றவர்' வரியில் அவள் பெயர் இருந்தது. இதை வைத்து வேலை கொடுப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் பக்கத்தைக் கேட்டுப் பார்த்தாள். தன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டாள். போன் சொல்லிற்று. மறுபடி கேட்டாள். பிறகு அனுப்பினாள்.

திங்கட்கிழமை நான் கூடப் போனேன். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ். கேம்ப் ரோடு, மேடவாக்கம் தாண்டி சோழிங்கநல்லூர். கம்பெனி வாசலில் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். என்னை வாட்ச்மேன் நிறுத்தினார்.

"நீங்க யாரு சார்?"

"கூட வந்தவன்."

"ரிலேஷனா?"

"கூட வேலை செய்யறவன்."

"எந்தக் கம்பெனி?"

கம்பெனி இல்லை என்று கையை அசைத்தேன். வாட்ச்மேன் கொஞ்சம் பார்த்திருப்பார் போல. ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார், நிழல்ல" என்றார். உட்கார்ந்தேன். ஏசி தண்ணீர் எங்கேயோ தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பையில் இருந்த ஒயர்களைச் சிக்கெடுத்து முடித்தேன். பிறகு மறுபடி கலைத்துச் சிக்கெடுத்தேன்.

அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"பக்கத்தைத் திறந்து வச்சிருந்தாங்க. ஒண்ணொண்ணா கேட்டாங்க. சந்தையில நடந்ததைச் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் ஒரு மேடம், இவ்ளோ ஆமாம் இருக்கே, நீங்களா எதுவும் கண்டுபுடிக்கலையான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஒருத்தர் சொன்னதை உண்மையான்னு செஞ்சு பாக்கறதுக்கும் அதே நேரம்தான் மேடம் ஆவுதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாங்க. டைப் பண்ற சத்தம் கேட்டுச்சு. நல்லதா கெட்டதான்னு தெரியல."

கொஞ்ச நாள் கழித்து வேலை கிடைத்துவிட்டது. அவள் அண்ணன் முதலில் கத்தினாராம். பிறகு கம்பெனி வண்டி வாசலுக்கே வரும் என்று தெரிந்ததும் அடங்கினாராம். முதல் வாரம் முடிந்து எங்கள் எல்லாருக்கும் பிரியாணி கொண்டுவந்தாள். பினாயில் அண்ணன் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். தம்பி ஷிப்டில் இருந்ததால் வரவில்லை. அவன் பங்கையும் அண்ணனே பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் அவள் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அண்ணா, சேர்ந்தப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. இப்பதான் முழுசாப் படிச்சுச் சொன்னாங்க. வெளியில வேற எந்த சாஃப்ட்வேரையும் டெஸ்ட் பண்ணித் தரக் கூடாதாம். நான் கண்டுபுடிக்கிறது எதுவா இருந்தாலும் கம்பெனியோடதாம்."

"நம்மளுதும் சேத்தா?"

"நம்மளுதையும் சேத்துத்தான். கேட்டுப் பாத்தேன். ரூல்னு சொல்லிட்டாங்க."

"வேலை எப்டி கீது?"

"நல்லா இருக்கு. கையில சம்பளம் வருது. அண்ணி டம்ளரை மெதுவா வைக்கிறாங்க."

"அப்ப அதைப் பாரு."

"உங்களுக்குக் கோவம் இல்லையே?"

"எனக்கு இன்னாத்துக்குக் கோவம்?"

கோபம் இல்லை. அது உண்மை. அவள் பெயர் வர வேண்டும் என்றுதான் எல்லாரும் உட்கார்ந்தோம். பெயர் வந்தது. பெயர் வந்ததால் அவள் போனாள். இதில் யாரைக் குறை சொல்வது? அன்று மாலை வண்டியில் இருந்தபோது போன் என் காதில் சொன்னது, இன்னார் குழுவிலிருந்து வெளியேறினார் என்று. எங்கள் குரல்தான். தெளிவாகச் சொன்னது. கடைசிச் சொல்லை முழுங்கவில்லை.

இப்போது குழு மெலிந்துவிட்டது. தம்பி கண்டிப்பாகிவிட்டான். யார் சொன்னது, யார் ஆமாம் என்றது, இரண்டும் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை. பெரிய பொறுப்பில் இருக்கிறவர்களும் அதை ஒத்துக்கொண்டு, மற்ற மொழிக்காரர்களையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டார்களாம். பினாயில் அண்ணன் தன் பெயர் வரும் பக்கத்தைத் தெருவில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறார். நான் ஒருமுறை கேட்டேன். போதும் என்று வைத்துவிட்டேன். புதுப் பதிப்பு வரும்போது, "யாராவது பாக்கறீங்களா?" என்று தம்பி கேட்கும் குரலில் ஒரு சோர்வு இருக்கிறது. முன்னால் மூன்று பேர் ஆமாம் என்று சொன்ன இடத்தில் இப்போது ஒருவர் கிடைப்பதே பாடு.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். நலம் விசாரித்தாள். என் பெண்சாதியின் முழங்கால் வலியைக் கேட்டாள்.

"அண்ணா, நான் எதையும் சொல்லல. சும்மா பேசிட்டு இருக்கேன்."

"பேசு."

"நேத்து கம்பெனி வண்டியில வந்துட்டு இருந்தேன். என் சொந்தப் போன்தான். மேப்பைப் போட்டுட்டு மெசேஜ் படிச்சா குரல் நின்னு போவுது. மேப்பு குரல், நம்ம குரல் ரெண்டுமே நின்னு போவுது. அணைச்சுப் போட்டாதான் வருது."

"ஒரு தபா ஆச்சா?"

"மூணு தபா செஞ்சு பாத்தேன்." உடனே நிறுத்தினாள். "சும்மா பேசிட்டு இருக்கேன், அண்ணா."

"தெரியும்."

அடுத்த நாள் வியாபாரம் மந்தம். பழவந்தாங்கலில் இறங்கி, மேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மெசேஜைப் படிக்க வைத்தேன். நின்றது. அவள் சொன்ன மாதிரியே நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்து அணைத்துப் போடச் சொன்னேன். மறுபடி செய்தேன். மறுபடி நின்றது. அந்த அம்மா, "போனை மாத்துப்பா" என்றார். பிறகு பேசிப் பதிந்து குழுவில் போட்டேன். இப்போதெல்லாம் நானும் அந்த மூன்றையும் சொல்கிறேன். இதைச் செய்தேன், இப்படி நடக்க வேண்டும், இப்படி நடந்தது.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணா, கேட்டேன். நல்லா சொல்லியிருக்கீங்க. என் கிட்டயும் நிக்குது. சொன்னவர் உங்க பேர்தானே?"

"இல்ல. ஆமாம்னு சொன்னதுதான் நான்."

"அப்ப சொன்னது யாரு?"

"அதைக் காலியா வுடு."

"காலியா விடக் கூடாதுன்னு நாமதானேண்ணா..."

"தெரியும். வுடு."

அவன் வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம்தான் தட்டினான்.

"காலியாவே போட்டுட்டேண்ணா" என்றான்.